எழுபிறப்பும் எல்சாட்டும்: மறுதேர்வு பற்றிய ஓர் ஆராய்ச்சி

அமெரிக்காவில் சட்டம் படிக்க விரும்புகிறவர்கள் எழுதும் நுழைவுத் தேர்வுக்கு எல்சாட் என்று பெயர். அதை நடத்தும் சட்டப்பள்ளிச் சேர்க்கை மன்றத்தின் தலைமையகம் பென்சில்வேனியா மாநிலத்து நியூடவுனில் இருக்கிறது. அங்கே யாரும் மடத்தில் உட்கார்ந்து சித்தாந்தம் பாடம் கேட்டிருக்க வாய்ப்பில்லை. அப்படியிருந்தும் அம்மன்றத்தின் மறுதேர்வு விதிகளைப் படிக்கும் தமிழருக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஒருவர் வாழ்நாளில் இத்தேர்வை 7 தடவைதான் எழுதலாம். மதிப்பெண் கணக்கில் நிற்கும் ஏறத்தாழ 5 ஆண்டுக் காலத்துக்குள் 5 தடவைக்கு மேல் கூடாது. எழுதிவிட்டு மதிப்பெண் வேண்டாமென்று ரத்து செய்தாலும் அதுவும் ஒரு தடவையாகவே எண்ணப்படும். உச்ச மதிப்பெண்ணான 180-ஐத் தொட்டவர் அந்தக் காலத்துக்குள் ஆசைப்பட்டாலும் மறுபடி எழுத முடியாது. பிறவி ஏழு, செய்த வினை வேண்டாமென்றால் போகாது, வீடுபேறு அடைந்தவருக்கு மறுபிறப்பில்லை. நியூடவுன்காரர்கள் தம்மை அறியாமலே எழுபிறப்புக் கொள்கையைச் சட்டமாக்கிவிட்டார்கள் என்பதும், ஆகையால் இரண்டாம் தடவை எழுதப்போகிறவரின் வேலை பழைய வினையைக் கழிப்பதே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். எல்சாட் 1948-இல் தொடங்கியது. 120 முதல் 180 வரையிலான இன்றைய அளவுகோல் 1991-இல் வந்தது. மதிப்பெண் ஏன் பூச்சியத்தில் தொடங்கவில்லை என்பது ஆராயத் தக்கது. ஒன்றுமே சரியாகப் போடாதவருக்கும் மனிதப் பிறவி எடுத்த புண்ணியத்துக்காக 120 கொடுத்துவிடுகிறார்கள் என்று கொள்ளலாம். 2006-க்கு முன்பு, பல தடவை எழுதியவரின் மதிப்பெண்களைச் சராசரி பார்ப்பதே சட்டப்பள்ளிகளின் வழக்கமாக இருந்தது. போன பிறவியில் 152, இந்தப் பிறவியில் 164 என்றால் கையில் நிற்பது 158. அந்த ஆண்டு அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், தான் திரட்டும் புள்ளிவிவரத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் உயர்ந்த மதிப்பெண்ணையே காட்டச் சொன்னது. பள்ளிகளின் பெயரும் தரவரிசையும் அப்புள்ளிவிவரத்தை நம்பியிருப்பவை. ஆகவே அவரை 164 காரராகவே எடுத்துக்கொள்வதில் பள்ளிக்கும் லாபம் வந்தது. மறுதேர்வுக்கு மவுசு கூடியது. பழைய மதிப்பெண்கள் இன்றும் பள்ளியின் கண்ணில் படத்தான் செய்யும். சித்திரகுப்தன் ஏட்டைக் கிழிக்கவில்லை. எந்தப் பக்கத்தைப் பார்ப்பது என்பதை மட்டும் எமன் மாற்றிக்கொண்டான்.

இனி வினை. முதல் தடவையில் 155 வாங்கியவரைக் காரணம் கேட்டால், முந்தின இரவு தூக்கமில்லை என்பார், இணைய இணைப்பு விட்டுவிட்டு வந்தது என்பார், எதிர்வீட்டு நாய் குரைத்தது என்பார். நாய் குரைத்தது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் நாய் குரைக்காத பயிற்சித் தேர்வுகளிலும் அவர் 156-ஐத் தாண்டியதில்லை. செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டியிருப்பது என்று சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலம் இதுதான். அடுத்தபடியாக அவர் புதிதாக மூன்று புத்தகம் வாங்குவார். இங்கேதான் வழி தவறுகிறது. எல்சாட்டில் சட்ட அறிவு எதையும் கேட்பதில்லை. மனப்பாடம் செய்ய ஒன்றுமில்லை. தருக்கப் பகுதி ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம், கேள்விகள் 25 அளவில், கேள்விக்கு 5 விடைகள். ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்கூடக் கிடையாது. யாரோ ஒருவர் நாலு வரியில் எதையோ வாதிடுவார். வாதத்தில் ஓட்டை எங்கே என்று சொல்ல வேண்டும். மணிமேகலையின் தருமம் கேட்ட காதை பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி என்று வகுத்துவைத்ததும் இந்த ஓட்டைகளைத்தான்.

கேள்வியின் சாயலில் ஒன்று பார்ப்போம். மரம் நட்ட தெருக்களில் விபத்து குறைவாக நடக்கிறது. ஆகவே மரங்கள் விபத்தைத் தடுக்கின்றன என்கிறது வாதம். போக்குவரத்துக் குறைந்த தெருக்களாகப் பார்த்து மரம் நட்டிருக்கலாம் என்பதைக் கவனிக்கவில்லை என்பது சரியான விடை. அதற்கு மேலேயே இன்னொரு விடை பளபளப்பாக உட்கார்ந்திருக்கும்: மரங்கள் மட்டுமே விபத்தைத் தடுக்கும் என்று வாதம் கொள்கிறது. வாதத்தில் ‘மட்டுமே’ இல்லை. அந்த ஒரு சொல்லை விடையில் நுழைத்துவிட்டு, பார்க்கிறாரா என்று பார்ப்பார்கள். போன தடவை ‘மட்டுமே’யில் விழுந்தவர், பாழாய்ப்போன அந்த ‘மட்டுமே’ மீன், வரி, கிரேக்கச் சிற்பம் என்று எந்த வேடத்தில் வந்தாலும் திரும்பவும் அதிலேயே விழுவார். சஞ்சித வினை என்பது இது. ஆயிரம் புதுக் கேள்வி போட்டாலும் இது கரையாது. ஆயிரம் தடவை விழுந்தால் விழும் பழக்கம்தான் கைவரும். கரைக்க இரண்டு உபாயங்கள் அங்கே வழக்கில் உள்ளன. நேரம் வைத்து எழுதிய கையோடு, விடையைப் பார்க்காமலே, சந்தேகம் தட்டிய கேள்விகளை நிதானமாக மறுபடி போடுவது முதலாவது. பிளைண்ட் ரிவ்யூ என்பார்கள். நேரத்துக்குள் 156, நிதானத்தில் 168 என்றால் கோளாறு வேகத்தில். இரண்டிலும் 156 என்றால் கோளாறு புரிதலில். கடிகாரத்தைத் திட்டிப் பயனில்லை. இரண்டாவது, தப்பு நோட்டு. சரியான விடை ஏன் சரி என்று அதில் எழுதுவது எளிது, பயனும் குறைவு. தப்பான விடை அந்த நொடியில் தனக்கு ஏன் இனித்தது என்பதை எழுத வேண்டும். பாவமன்னிப்புக் கூண்டில்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள்.

மாயைக்கும் தேர்வில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். பகுதிகள் நான்கு, அவற்றில் ஒன்றுக்கு மதிப்பெண் கிடையாது, புதுக் கேள்விகளைச் சோதிப்பதற்காக வைப்பது. எது என்று எழுதுகிறவருக்குத் தெரியாது. முதல் தடவை எழுதுகிறவர் நான்கையும் மெய்யென்று நம்பி எழுதுவார். அனுபவசாலியோ கடினமான ஒன்றைக் கண்டதும் இதுதான் பொய்ப் பகுதி என்று முடிவுகட்டிக் கொஞ்சம் இளைப்பாறுவார். இளைப்பாறியது மெய்ப் பகுதியில் என்பது மதிப்பெண் வரும்போது தெரியும். பூர்வஜென்ம ஞாபகமும் இப்படியே தொல்லை தருவது. பயிற்சிக்கு உள்ளவை பழைய வினாத்தாள்களே. மறுதேர்வுக்காரர் அவற்றில் பெரும்பாலானவற்றைப் போன பிறவியிலேயே பார்த்துவிட்டார். மறுபடி போடும்போது தருக்கத்துக்கு முன்னால் ஞாபகம் ஓடிவந்து விடை சொல்கிறது. வீட்டில் 170, தேர்வில் 159. தொடாத தாள்கள் ஐந்தாறையாவது கடைசி வாரங்களுக்கென்று கட்டிவைத்தவரே புத்திசாலி.

மறுப்புகள் வரும். மதிப்பெண்ணுக்கு இருபுறமும் சுமார் 3 புள்ளி தள்ளாட்டம் உண்டென்று மன்றமே அறிவிக்கிறது. இரண்டாம் தடவை எழுதுகிறவர்கள் சராசரியாக ஏறுவதும் இரண்டு மூன்று புள்ளிதான். அப்படியானால் இது வினையுமில்லை, வெங்காயமுமில்லை, வெறும் குலுக்கல் என்பர் ஒரு சாரார். பாதி ஒத்துக்கொள்ளலாம். உயர்ந்த மதிப்பெண்ணே செல்லுபடியாகும் இடத்தில் குலுக்கலும் லாபக் குலுக்கலே. ஆனால் சராசரி என்பது நோட்டு எழுதியவரையும் நாயைத் திட்டியவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தது. 155-இலிருந்து 167-க்குப் போனவரைத் தள்ளாட்டத்தால் விளக்க முடியாது.

நல்வினையும் தொடர்ந்து வர வேண்டுமே, வரவில்லையே என்பது அடுத்த மறுப்பு. கொஞ்சம் வலுவானது. லாஜிக் கேம்ஸ் என்றொரு பகுதி இருந்தது. ஏழு பேரை மேசையைச் சுற்றி உட்கார வைக்க வேண்டும், இன்னார் இன்னாருக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார் என்கிற வகைப் புதிர்கள். கல்யாணப் பந்தி நடத்தியவருக்குப் பழகிய வேலை. படம் வரையாமல் போடுவது கடினம். பார்வையற்றவர்கள் இது தங்களுக்கு அநீதி என்று தொடுத்த வழக்கில் 2019-இல் உடன்பாடு ஏற்பட்டு, 2024 ஆகஸ்ட் தேர்விலிருந்து அப்பகுதி எடுக்கப்பட்டது. எடுத்தது நியாயமே. ஆனால் மாதக்கணக்கில் வட்டமும் கட்டமும் போட்டுப் பழகி அதில் மட்டும் ஒரு கேள்வியும் தவறவிடாதிருந்தவர் மறுதேர்வுக்கு வந்தபோது அவர் சேர்த்த புண்ணியம் செல்லாக்காசாகியிருந்தது. இதற்குச் சித்தாந்தத்தில் விடை தேடினேன், சரியாகப் பொருந்தவில்லை. மறுப்பு நிற்கட்டும்.

பிறவிக்குக் கட்டணம் உண்டா, எல்சாட்டுக்கு 200 டாலருக்கு மேல் கட்ட வேண்டுமே என்பவர்கள் அமெரிக்க மருத்துவமனையின் பிரசவ பில்லைப் பார்க்காதவர்கள். எழுபிறப்பு என்பது ஏழு தடவை பிறப்பதா, ஏழு வகைப் பிறப்பா என்று உரைகாரர்கள் கருத்து வேறுபடுவதைக் காட்டி எதிர்ப்பவர்களுக்கு, நியூடவுன் மன்றம் ஐயத்துக்கிடமின்றி ஏழு தடவை என்றே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கும் மேலே எட்டாம் தடவை வேண்டுமென்றால் தனிக் காரணம் காட்டி மேல்முறையீடு செய்ய அங்கே வழி வைத்திருக்கிறார்கள். சைவத்தில் இந்த வசதி இல்லை.