இருமக் கூடாத மனிதர்

திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறை வைத்திருப்பவர் வீட்டுக் கதவில் அலிகார் பூட்டுத் தொங்கினால் யாரும் நின்று கேட்பதில்லை. மிட்டாய்க் கடைக்காரருக்குச் சர்க்கரை என்றால் ஊர் சிரித்துவிட்டு அதே கடையில் அல்வா வாங்கும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் தும்மினால், “பாவம், அவரும் மனுஷன்தானே” என்பார்கள். தாடிக்கொம்பு மாதிரி ஒரு பேரூராட்சியில் ‘அக்கு ஹீலர்’ என்று பலகை மாட்டியிருப்பவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. காலையில் பால் வாங்க வந்த இடத்தில் அவர் இரண்டு தும்மல் போட்டால், சாயங்காலத்துக்குள் சேதி பக்கத்து ஊரான அகரம் போய்ச் சேர்ந்துவிடும். இதை ஊரின் கெட்ட குணம் என்று தள்ளிவிட முடியாது. ஊர் பக்கம் நியாயம் இருக்கிறது. மற்ற வைத்தியர்களிடம் மாத்திரை, மருந்துச் சீட்டு, ஸ்டெதஸ்கோப், குறைந்தபட்சம் ஒரு கஷாய பாட்டிலாவது இருக்கும். நம் பக்கத்து ஹீலர்களில் பலர் ஊசிகூடப் போடுவதில்லை. நாடி பார்த்து, ஒரே ஒரு புள்ளியை விரல் நுனியால் தொட்டுவிட்டு, “போய்ட்டு வாங்க, சரியாயிரும்” என்று அனுப்பிவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிகிற சரக்கு என்று கடையில் எதுவும் இல்லை. அப்படியானால் வாடிக்கையாளர் எதைப் பார்த்து நம்புவார்? ஆளைத்தான் பார்ப்பார். அதனால்தான் சொல்கிறேன், இவருக்கு வேலை நேரம் போக மிச்ச வாழ்க்கை என்று ஒன்று இருக்கவே முடியாது. அந்த மிச்ச வாழ்க்கைதான் கடையின் கண்ணாடி அலமாரி.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்த வழியே இதற்குச் சாட்சி. பிளஸ் டூ முடித்த கையோடு, கட்-ஆஃப் பார்த்து, கவுன்சலிங்கில் இதைத் தேர்ந்தெடுத்து வந்தவர் அநேகமாக இருக்க மாட்டார். பஞ்சு மில்லில் ஃபிட்டர், எல்.ஐ.சி. ஏஜென்ட், தனியார் பள்ளிக் கணக்கு வாத்தியார் என்று ஏதோ ஒன்றாக நாற்பது வயது வரை இருந்திருப்பார். நைட் ஷிப்ட்டில் வயிறு கெட்டிருக்கும், அல்லது சைனஸ் வந்து வருஷக்கணக்கில் மாத்திரை தின்றிருப்பார். யாரோ கூட்டிக்கொண்டு போக, யாரோ ஒரு புள்ளியைத் தொட, தூக்கம் வந்திருக்கும். பிறகு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஒரு டிப்ளமோ, அப்புறம் வீட்டு முன்னறையில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. முதலில் நோயாளி, பிறகு சாட்சி, கடைசியில் வைத்தியர் என்பதுதான் வரிசை. அமெரிக்காவுக்கு அக்குபங்சர் என்ற பெயரைப் பரவலாகக் கொண்டுபோன ஜேம்ஸ் ரெஸ்டனும் இதே ஜாதிதான். நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்காரர். 1971 ஜூலையில் பீஜிங் போன இடத்தில் குடல்வால் வலி வந்து ஆபரேஷன் ஆனது. அதற்குப் பிறகு வந்த வயிற்று உப்புசத்துக்குக் கையிலும் காலிலும் ஊசி குத்தினார்கள். ஊர் திரும்பும் முன்பே எழுதி அனுப்பிவிட்டார். நோயாளியாகப் படுத்தவர் விளம்பரதாரராக எழுந்தார். அதற்கு முன்பே நம் நாட்டுக்கு இதைக் கொண்டுவந்தவர் கல்கத்தா டாக்டர் விஜய்குமார் பாசு. 1938-இல் டாக்டர் கோட்னிஸோடு சீனா போன ஐந்து பேர் கொண்ட மருத்துவக் குழுவில் இருந்தவர். ஆனால் அவர் முதலிலேயே டாக்டர். நம் ஹீலருக்கு அவரைவிட ரெஸ்டன்தான் நெருங்கிய சொந்தம்.

2019 பிப்ரவரியில் மத்திய அரசு அக்குபங்சரைத் தனி மருத்துவ முறையாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பூட்டை இழுத்துப் பார்த்து வாங்கலாம். ஹீலரையும் ஊர் இழுத்துத்தான் பார்க்கிறது.

எப்படியெல்லாம் என்று கேட்டால், அவர் வீட்டுக் கடிகாரத்திலிருந்து தொடங்க வேண்டும். சீனக் கணக்கில் ஒவ்வொரு உறுப்புக்கும் நாளில் இரண்டு மணி நேரம். விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து நுரையீரல், ஐந்திலிருந்து ஏழு பெருங்குடல், ஏழிலிருந்து ஒன்பது வயிறு. ராத்திரி பதினொன்றுக்குப் பித்தப்பை, ஒன்றுக்குக் கல்லீரல். மற்ற வீடுகளில் சீரியல் முடிந்துதான் படுப்பார்கள். இந்த வீட்டில் பித்தப்பை வருவதற்குள் விளக்கை அணைக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தால், மறுநாள் நாடி காட்ட வருகிற பாட்டி விசாரிக்காமல் விடாது: “ஏன் தம்பி, ராவு தூங்கலையா?” கல்யாணப் பந்தியில் நிலைமை இன்னும் மோசம். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் தண்ணீர் குடி, அலுத்தால் படு என்பது அவர் ஊருக்குச் சொல்கிற உபதேசம். பசிக்கவில்லை என்று எழுந்தால் பெண் வீட்டாருக்கு வருத்தம். உட்கார்ந்து சீரகச் சம்பா பிரியாணியை இரண்டாம் முறை வாங்கினால் எதிர் வரிசையில் நாலு பேர் முழங்கையால் இடித்துக்கொள்கிறார்கள். நல்லவேளையாக அந்த உபதேசத்திலேயே தப்பிக்கவும் வழி இருக்கிறது: “பசிச்சுச்சு, சாப்பிட்டேன்.” இதற்கு மறுப்பு கிடையாது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்தான் வீடு இரண்டுபடும். “கழிவு வெளியேறுது, விடு” என்பார் அவர். “கழிவு நூத்தி மூணு டிகிரியில வெளியேறுதுங்க” என்பார் மனைவி, தெர்மாமீட்டரை நீட்டி. பெண்ணுக்கு வரன் பார்க்க வருகிற கூட்டத்தில் ஒரு பெரியம்மா, காப்பி வாங்குகிற சாக்கில் இடது மேல்கையில் தடுப்பூசித் தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். அப்பா மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்தில் போட்டது.

இதெல்லாம் வெறும் வம்பு. வைத்தியம் பலிக்கிறதா என்பதற்கும் வைத்தியர் பிரியாணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் இருப்பதாகத்தான் ஆய்வுகளைப் படித்தால் படுகிறது. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் 1162 பேரை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2007-இல் வந்தது. முறைப்படி புள்ளியில் ஊசி போட்டுக்கொண்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு ஆறு மாதத்தில் குணம் தெரிந்தது. புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தப்பட்டவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மாத்திரை, உடற்பயிற்சி என்று போனவர்களில் 27.4 தான். ஊசிக்காரர்கள் இதைக் கொண்டாடலாம், ஆனால் புள்ளி வரைபடத்தை மடித்து வைத்துவிட்டுக் கொண்டாட வேண்டும். அடுத்த ஆண்டு ஹார்வர்டில் டெட் கேப்ட்சக் குழு இன்னும் குறும்பான ஒன்றைச் செய்தது. கேப்ட்சக்கே மக்காவ் நகரில் சீன வைத்தியம் படித்துவிட்டு வந்து ஆராய்ச்சியாளர் ஆனவர். குடல் எரிச்சல் நோயாளிகள் 262 பேர். யாருக்கும் அசல் ஊசி இல்லை, தொட்டதும் உள்ளே சுருங்கிக்கொள்கிற பொய் ஊசி. காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு நிம்மதி. பேசாமல் பொய் ஊசி மட்டும் வைக்கப்பட்டவர்களில் 44. முதல் சந்திப்பிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, கனிவாக விசாரித்து, நம்பிக்கையாகப் பேசிவிட்டுப் பொய் ஊசி வைக்கப்பட்டவர்களில் 62. ஆக, ஊசியைக் கழித்த பிறகும் மிஞ்சுகிற சரக்கு ஆள்தான். அந்த ஆள் இருமினால் சரக்கில் ஓட்டை என்று தாடிக்கொம்புப் பாட்டிக்கு ஹார்வர்டு போகாமலே தெரிந்திருக்கிறது.

எல்லா ஊரிலும் அப்படி இல்லையே, சீனாவில் இதை அரசாங்கமே வளர்த்ததே என்று இன்னொரு மறுப்பு வரலாம். வளர்த்த மாவோ, தமக்குச் சீன மருந்தில் நம்பிக்கையில்லை, அதைச் சாப்பிடுவதுமில்லை என்று சொன்னதாக, அவருக்கு வைத்தியம் பார்த்த லீ ஜிசுயி 1994-இல் வெளியான நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். மாவோவின் மருந்துப் பெட்டியை எட்டிப் பார்க்க எந்தப் பாட்டியாலும் முடியாது. நம்மவர் வீட்டுக்குக் காம்பவுண்டுச் சுவர்கூட இல்லை.

சிரிக்க முடியாத மறுப்பும் ஒன்று இருக்கிறது. தன்னையே சாட்சியாக வைத்துப் பிழைக்கிறவர், “இது என்னால் ஆகாது” என்று எப்படிச் சொல்வார்? சொல்லாத இடங்களில் உயிர் போகும். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு பெண் இறந்துபோனார். இயற்கை, கழிவு, உடலே பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு எதுவரை போகலாம் என்று அப்போது தமிழ்நாடே கேட்டது. மார்வலி என்று வருகிறவரைப் புள்ளி தொட்டு உட்கார வைக்கிற ஹீலருக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தொடாமல், “முதல்ல ஜி.எச். போய் ஈ.சி.ஜி. எடுங்கண்ணே, நாடி அப்புறம் பாத்துக்கலாம்” என்று ஆட்டோ பிடித்துக் கொடுப்பவரும் இருக்கிறார். அன்று அவர் கையில் பத்து ரூபாய்கூட விழாது. ஊரும், “கைய விரிச்சுட்டாரப்பா” என்றுதான் பேசும்.

இந்த இரண்டாம் ரகத்து ஹீலர் தன் அம்மாவின் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. ஆனால் அதைத் தாடிக்கொம்பில் வாங்க முடியாது. மாதம் ஒருமுறை டவுன் பஸ் ஏறித் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கம், தெரிந்த முகம் வராத ஒரு மெடிக்கலுக்குப் போகிறார். தேய்பிறை அஷ்டமியைத் தவிர்த்துவிடுவார். தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பைரவரைப் பார்க்க அன்று திண்டுக்கல்லே பஸ் ஏறி வரும், யார் எங்கே நிற்பார்கள் என்று சொல்ல முடியாது. சாதாரண நாள் பார்த்து, மஞ்சள் பையோடு கவுண்ட்டரில் நின்று, பழைய அட்டையை உள்ளங்கையில் மறைத்து நீட்டுகிறார். பக்கத்தில் இன்னொரு கையும் ஒரு சர்க்கரை மாத்திரை அட்டையை அதே மாதிரி மறைத்து நீட்டுகிறது. ஆறு மாதமாக மாத்திரையை விட்டுவிட்டதாகச் சொல்லி வாரா வாரம் நாடி காட்டுகிறவருடைய கை.

“அம்மாவுக்குங்க” என்கிறார் ஹீலர்.

“எனக்கும் அம்மாவுக்குத்தான் சார்.”