இங்க் தீர்ந்த ஆதார்

போன வாரம் கும்பகோணத்து லாட்ஜ் ஒன்றில், இதை எழுதும் ஆசாமி பெட்டியோடு அரை மணி நேரம் நின்றார். நீட்டியது மறைப்பு ஆதார்: 12 இலக்கத்தில் முதல் 8 தெரியாது, கடைசி 4 மட்டும் தெரியும். ஆதார் ஆணையமே தருவதுதான். கவுன்டரில் இருந்த தம்பி அதை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்.

"பிரிண்டர்ல இங்க் இல்லையா சார்?"

மறைத்திருக்கிறது என்றார். "எதுக்கு சார் மறைக்கிறீங்க?" பின்னால் நின்ற அம்மா குழந்தையைக் கிட்டே இழுத்துக்கொண்டார்.

முழு ஆதாரின் நகல்தான் வேண்டுமாம். எதிரே ஜெராக்ஸ் கடை. "வாட்ஸ்அப்ல போடுங்க" என்றார் கடைக்காரர். அந்த போனில் ஊரே குடியிருக்கிறது: ஆதார் முன்பக்கம், பின்பக்கம், பான் கார்டு, பாஸ்புக், யார் வீட்டுப் பெண்ணின் டி.சி.யோ. முதல் பிரதி கோணல். மேசைக்கடியில் அட்டைப்பெட்டிக்குள் போனது. இரண்டாவதில் முகம் கரி, அதுவும் பெட்டிக்கே. மூன்றாவது தேறியது. காசுக் கணக்கை அவர் போட்டது வேறொருவரின் கோணல் ஆதாருக்குப் பின்பக்கம். அந்த வேறொருவரின் பிறந்த தேதி ஆசாமிக்கு இப்போது மனப்பாடம். இந்தப் பெட்டிக்கு ஹேக்கர் எதற்கு? பழைய பேப்பர்காரர் போதும்.

பிரதியின் குறுக்கே 'லாட்ஜுக்கு மட்டும்' என்று ஆசாமி எழுதினார். "கிறுக்கியிருந்தா ஓனர் திட்டுவாரு" என்றான் லாட்ஜ் தம்பி. மறுபடி ஜெராக்ஸ்.

கண்ட இடத்தில் ஆதார் நகல் தராதீர்கள் என்று ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் 2022 மே 27-ல் சொன்னது. தப்பாகப் புரிந்துகொள்வார்கள் என்று மே 29-ல் மத்திய அரசே அதை வாபஸ் வாங்கியது. வழக்கமான ஜாக்கிரதை போதுமாம். 2018-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவர் ஆர்.எஸ். சர்மா தன் ஆதார் எண்ணை ட்விட்டரில் போட்டு, முடிந்தால் கெடுதல் செய்து பாருங்கள் என்றார். போன் நம்பர், முகவரி எல்லாம் தோண்டியெடுத்தார்கள். கணக்கில் 1 ரூபாய்கூடப் போட்டார்கள். கெடுதல் ஒன்றும் இல்லை என்றார் அவர். ஆசாமியின் கணக்கில் தெரியாத ஆள் 1 ரூபாய் போட்டால் வீட்டில் விசாரணைக் கமிஷனே உட்காரும்.

சாமானியன் தன்னைக் காத்துக்கொள்ள முடியுமா? அதற்குத்தான் வருகிறோம். தன் பெயரில் எத்தனை சிம் என்று மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம். ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டலாம். அன்றிரவே ஆசாமி பூட்டினார், நிம்மதியாகத் தூங்கினார்.

ஊர் திரும்பியதும் ரேஷன் கடை. கைரேகை விழவில்லை. "கையைத் துடைச்சிட்டு வைங்க." துடைத்தார். கழுவினார். வரிசை முணுமுணுத்தது. மூன்றாம் முறை கழுவும்போதுதான் பூட்டியது நினைவுக்கு வந்தது.

"பரவால்ல சார்," என்றார் கடைக்காரர், "ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு இருக்கா?"