லெப்பிக் தெருவில் இருபது கஜம்

1947-இல் பாரிஸ் நகரத்தின் மோன்மார்த்ர் பகுதியில், லெப்பிக் தெருக் காய்கறிச் சந்தையில், ஒரு பெண்ணுக்கு அடி விழுந்தது. அவள் தக்காளியை அமுக்கிப் பார்க்கவில்லை, கடனும் சொல்லவில்லை. ஒரு பாவாடை உடுத்தியிருந்தாள். குற்றம் அவ்வளவுதான்.

அந்தப் பாவாடையின் ஜாதகத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். தைத்தவர் கிறிஸ்டியன் டியோர். நாற்பத்திரண்டு வயது, தொந்தி, ஏறிய நெற்றி, கூச்ச சுபாவம். ஜோசியக்காரி சரி என்று சொல்லாமல் பெரிய காரியம் எதிலும் இறங்கமாட்டார். பணம் போட்டவர் மார்செல் பூசாக், பிரான்ஸின் பருத்தி ராஜா. போரின்போது பாவாடைகள் முழங்காலோடு நின்றுவிட்டன. துணி விற்கிறவருக்கு அதைவிடத் துக்கம் வேறென்ன? அவர் பணத்தில் கடை திறந்தவர் பாவாடையைக் கணுக்கால் பக்கம் இறக்கினார் என்றால், அதைக் கலையின் தற்செயல் என்று நம்புவதற்கு நல்ல மனசு வேண்டும்.

பிப்ரவரி 12. நிலக்கரிப் பஞ்சம், ரொட்டிக்கு ரேஷன், எலும்பைக் கடிக்கும் குளிர். டியோர் கடை திறந்த அவென்யூ மோந்தேன் 30-ஆம் எண் மாளிகைக்குள் மட்டும் பூவும் சென்ட்டும் மணந்தன. மாடல் பெண்கள் திரும்பிய வேகத்தில், விரிந்த பாவாடைகள் பக்கத்திலிருந்த சாம்பல் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டு போயினவாம். சில உடைகளுக்கு 20 கஜம் வரை துணி பிடித்தது என்பார்கள். நம் கணக்கில் இரண்டு ஒன்பது கஜ மடிசார் போக, மிச்சத்தில் ரவிக்கையும் தைத்துக்கொள்ளலாம். அமெரிக்கப் பத்திரிகையான ஹார்ப்பர்ஸ் பஜாரின் ஆசிரியை கார்மெல் ஸ்னோ இதற்கு ‘நியூ லுக்’ என்று பெயர் சூட்டினார். இடுப்பை இறுக்கிக் கட்டி, அதற்குக் கீழே குடை விரிப்பது டியோருடைய அம்மா காலத்து அலங்காரம். அதில் எது நியூ என்று முன்வரிசையில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் பார்த்து பாரிஸில் பத்திரிகைகள் வேலைநிறுத்தம். சேதி நியூயார்க்குக்குப் போய்ச் சேர்ந்தது. ஆற்றைத் தாண்டிக்கூடப் போகவேண்டியதில்லாத மோன்மார்த்ருக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இந்த நிலையில் யாருக்கோ ஒரு யோசனை உதித்தது. உடைகளைத் தெருவில் வைத்துப் படம் எடுத்தால் எவ்வளவு உயிரோட்டமாக இருக்கும்! பின்னணியில் பழைய பாரிஸ், ஏழைச் சந்தை, முட்டைக்கோசு. உடைகள் பெரிய மரப்பெட்டிகளில் சின்ன லாரி ஏறி வந்து இறங்கின. ஒரு மதுக்கடையின் பின்னறையில் மாடல்கள் உடை மாற்றினார்கள். முதல் பெண் தலையை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குள் நடந்தாள்.

முதலில் சந்தை வாயடைத்துப் போயிற்று. காய்கறிச் சந்தை வாயடைத்தால் ஆபத்து என்பது சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், படக்காரர்களுக்குத் தெரியவில்லை. கடைக்காரப் பெண் ஒருத்தி வசவில் ஆரம்பித்தாள். மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். தலைமயிரைப் பிடித்து இழுத்து, அடித்து, உடையைக் கிழித்தார்கள். மற்ற மாடல்கள் மதுக்கடைக்குள் ஓடி ஒளிந்தார்கள். பெட்டி படுக்கையோடு எல்லோரும் அவென்யூ மோந்தேனுக்கே திரும்பினார்கள். இவ்வளவுக்கும் நடுவில் கேமராவைக் கீழே வைத்துவிட்டு யாராவது அந்தப் பெண்ணைக் காப்பாற்றினார்களா என்றால், படங்கள் மட்டும் பிரமாதமாக வந்திருக்கின்றன.

அடித்தது தப்பு. அதுவும், சம்பளத்துக்குச் சட்டை மாட்டி நின்றவளை அடித்தது பெரிய தப்பு. பூசாக் அங்கே வந்திருக்கவேண்டும். ஆனால் அந்தக் கோபத்தில் கணக்கு இருந்தது. ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் மரக்கட்டை அடி வைத்த செருப்பில் நடந்து, ஸ்டாக்கிங்ஸ் கிடைக்காமல் காலிலேயே தையல்கோடு வரைந்துகொண்ட ஊர் அது. ஒருத்தியின் இடுப்பிலிருந்து நான்கு பிள்ளைகளின் சட்டைத்துணி தொங்கினால் கை சும்மா இருக்காது.

கடலைத் தாண்டி லண்டனில் கை ஓங்கவில்லை, கருத்துச் சொன்னார்கள். அங்கே உடைக்கு இன்னும் கூப்பன். போரின்போது ஒரு பாவாடைக்கு எத்தனை மடிப்பு என்பதையே சர்க்கார் விதித்திருந்தது. தொழிற்கட்சி எம்.பி. மேபல் ரிடேல், இது பெண்ணைக் கூண்டுப் பறவையாக்கும் வேலை என்றார். 1947 இலையுதிர் காலத்தில் அங்குள்ள பிரெஞ்சுத் தூதரகத்தில் டியோரின் உடைகள் ரகசியமாகக் காட்டப்பட்டன. பார்க்க வந்தவர்கள் மகாராணியும் இளவரசி மார்கரெட்டும். ஊருக்கெல்லாம் சிக்கனம், அரண்மனைக்குத் தனிக் காட்சி! ஊரார் சளைத்தவர்களா? குண்டுவீச்சுக்குப் பயந்து ஜன்னலில் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணிக்கு வேலை போயிருந்தது. அதை வெட்டிப் பழைய பாவாடையின் அடியில் ஒட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் துணிப் பஞ்சம் இல்லை. அங்கே பஞ்சாயத்து முழுக்கக் கால் பற்றியது. டாலஸ் நகரத்துப் பெண்கள் ‘முழங்காலுக்குச் சற்றுக் கீழே சங்கம்’ என்று ஒன்றைத் தொடங்கினார்கள். பெயரிலேயே அளவு சொன்ன சங்கம் வேறு இருக்கிறதா, தெரியவில்லை. கணவன்மாரும் கூடச் சேர்ந்து கத்தினார்கள். தையல் பில் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவர்கள் மனைவியிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அதே 1947-இல், அதே டாலஸில், நீமன் மார்க்கஸ் கடை டியோரைக் கூப்பிட்டு விருது கொடுத்தது. அங்கிருந்து சிகாகோ போனால், தரை பெருக்கும் பாவாடை வேண்டாம் என்று அட்டைகள் ஏந்திப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் மனதில் எப்படிப்பட்ட பாரிஸ் மன்மதன் இருந்தானோ, ரயிலிலிருந்து இறங்கியவர் வட்டிக்கடை மானேஜர் சாயலில் இருந்தார்.

ஆகட்டும், அட்டை பிடித்தவர்களும் அடுத்த சீசனில் நீளப்பாவாடைதான் வாங்கினார்கள். 1951-இல் இருபத்தொன்றாம் பிறந்தநாளுக்கு மார்கரெட் டியோரின் கவுன் அணிந்து, சிசில் பீட்டனின் கேமரா முன் உட்கார்ந்தார். இப்போது யாரிடமும் ரகசியம் இல்லை.

1953-இல் டியோர் பாவாடையைச் சில அங்குலம் உயர்த்தினார். இவ்வளவு குட்டையா என்று மறுபடி பெரிய கூச்சல்.