டிராக்டர் வயரிங்காரர்

காவிரிப் படுகையில் மேட்டூர் அணை திறப்புக்கு மரபாகக் குறிக்கப்பட்ட ஜூன் 12-ஐ உழவர்களுக்கு இணையான ஆவலோடு எதிர்பார்ப்பவர் டிராக்டர் வயரிங்காரர். கல்லணையைக் கடந்த நீர் கிளை வாய்க்கால்களை எட்டிக் குறுவைக்குச் சேற்றுழவு தொடங்கிய சில நாட்களுக்குள் தமக்கு அழைப்பு வந்துவிடும் என்பதை அவர் அறிவார். ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி போன்ற ஊர்களின் கடைத்தெருக்களில், செத்த பேட்டரிகள் அடுக்கிய ஒற்றைக் கதவுக் கடைகளில் காணப்படும் இவ்வகையினர் எஞ்சினைத் தொடுவதில்லை. அது மெக்கானிக்கின் பாடு. பேட்டரி, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், பேட்டரிக்கு மின்னேற்றும் டைனமோ, விளக்குகள், இவற்றையெல்லாம் இணைக்கும் வயர்க்கட்டு ஆகியவை மட்டுமே அவரது ஆட்சிப்பரப்பு.

அவரது முதல் கேள்வி மாறாதது. வயர்களை விரலால் ஒருமுறை நெம்பிப் பார்த்துவிட்டு, "இதுல யாருண்ணே கை வச்சது?" என்பார். போன வருடம் கை வைத்தவர் அவர்தான் என்று உரிமையாளர் நினைவூட்டினால், இக்காலத்து வயரின் தரம் குறித்து ஒரு சிற்றுரை கிடைக்கும்.

ஆயினும் அவரது கலையைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. சேற்றில் புதையாதிருக்கப் பூட்டப்படும் இரும்புக் கூண்டுச் சக்கரமாகிய கேஜ் வீல், களிமண் குழம்பை வாரி வண்டியின் அடிப்பாகமெங்கும் வீசியடிப்பதாலும், அது காய்ந்து இறுகியபின் ஓயாத அதிர்வில் வயரின் தோலை அராவுவதாலும், எந்த வயர் எவ்வழியே போகிறது என்பதே இங்கே பாதி வேலை. தகட்டைத் துளைத்து வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் செருகுவார். பெட்டிக்குள் நுழையுமுன் வயரைக் கீழே சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றுவார். வழிந்துவரும் நீர் அத்தொங்கலின் அடியில் சொட்டிப்போகும். சிறு மின்னோட்டத்தைக் கொண்டு பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ரிலேயை வாய் கீழ்நோக்கியே பொருத்துவார். இத்தனையும் செய்துவிட்டு, ஃபியூஸ் பெட்டியின் அடிமூலையில் ஓர் ஓட்டையும் போடுவார்.

"ஓட்டை போட்டா தண்ணி பூந்துராதா?"

"பூரும்ணே. போவவும் வழி வேணுமுல்ல?"

வடிகால் தூர்ந்த வயலில் பயிர் அழுகுவதைக் கண்டு வளர்ந்தவருக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. சிலிக்கான் பூசி முற்றாக அடைத்த பெட்டிக்குள்ளும் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி, வெளியேற வழியின்றித் தங்கிவிடும்.

அவருக்குத் தெரிந்த நோய் ஒன்றே: எர்த்து. பேட்டரியின் எதிர்முனையை வண்டியின் இரும்புடம்போடு பிணைக்கும் அந்த இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை ஏறினாலும், செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியர் இழுக்கும்போது 12 வோல்ட்டில் 2 வோல்ட் வழியிலேயே வீணாகும். அங்கே பூத்திருக்கும் நீலப்பச்சைப் பொடியை மயில்துத்தம் என்று உழவரே இனங்காண்பார். அதை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கி, வாசலின் தடவிவிட்டால், புது பேட்டரிக்குப் பணத்தோடு வந்தவர் அதைத் திருப்பி எடுத்துச் செல்லலாம். இந்த வெற்றிகளின் போதையில், ஊரில் ரேஷன் கடை திறக்காததற்கும் எர்த்து லூசானதே காரணம் என்று அவர் கருதத் தொடங்குவது இயல்பே.

அவரது பாவமும் ஒன்றே. அதன் பெயர் டைரக்ட். மிகையான மின்னோட்டம் பாய்ந்தால் தான் உருகி வயரைக் காப்பது ஃபியூஸ். அது எரிந்து வண்டி இருளில் நிற்கும்போது, "டைரக்ட் குடுத்துருக்கேன், காலைல வாங்க, மாத்திக்கலாம்" என்று ஃபியூஸைத் தாண்டி வயரை நேரே இணைத்து அனுப்புவார். அந்தக் காலை அறுவடை முடிந்தும் விடிவதில்லை. இதைக் கண்டிக்க விரும்புவோர், பறித்த நாற்று வரப்பில் வாடக் கிடக்க, இரவு பத்து மணிக்கு நடுவயலில் ஒருமுறை நின்று பார்ப்பது நல்லது. ஆனால் ஓட்டுநர்ப் பையன் பாட்டுப் பெட்டிக்கும் டைரக்ட் வாங்கிக்கொள்வதற்கு அந்த மன்னிப்புப் பொருந்தாது.

சேறு செய்யாத கேட்டைச் சுத்தம் செய்துவிடும். பாகங்களின் மீது பொறிக்கப்படும் ஐபி 67 என்னும் குறியீட்டில், முதல் இலக்கம் தூசி புகாமையையும், இரண்டாவது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கேடில்லை என்பதையும் குறிக்கும். பீய்ச்சியடிக்கும் நீருக்கு அக்குறியீடு பொறுப்பேற்பதில்லை. இதையறியாத உரிமையாளர், குறுவை முழுதும் சேற்றில் உழன்றும் நிற்காத வண்டியை ஆயுத பூசைக்காக வாட்டர் சர்வீஸில் விட்டு, இண்டு இடுக்கெல்லாம் அடித்துக் கழுவி, மாலையும் போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கச் சாவியைத் திருகும்போது 'டிக்' என்ற ஓசை மட்டும் வரும். கடைக்கு ஓடினால், டெஸ்ட் லாம்பும் திருப்புளியும் சந்தனப் பொட்டோடு சாமிப்படத்தின் முன் இருக்கும். "இன்னிக்கு எடுக்கக் கூடாதுண்ணே. நாளைக்கு விஜயதசமி, நல்ல நாளு. மொத வண்டி ஒங்க வண்டிதான்" என்று பொரிகடலையைக் கையில் கொடுத்து அனுப்புவார். அதே முதலிடத்தை அன்று காலையிலேயே நாலைந்து பேருக்கு அவர் கொடுத்து முடித்திருப்பார்.