சிறுவர் கையில் ஒரு செங்கோல்

அமெரிக்காவின் வாஷிங்டன், ஐடஹோ, மொன்டானா போன்ற மாநிலங்களோடு கனடாவின் சில மாகாணங்களையும் தழுவிய பசிபிக் வடமேற்கு வட்டாரத்தில், அங்குள்ள நூலகச் சங்கம் 1940 முதல் வழங்கிவரும் ‘இளம் வாசகர் தேர்வு விருது’, சிறுவர் நூலின் தகுதியைச் சிறுவரே தீர்மானிக்கலாம் என்ற விபரீதக் கொள்கையின்மீது எழுந்தது. பெரியவர்கள் எழுதிப் பெரியவர்கள் அச்சிட்ட நூலைப் பெரியவர்களே தேர்ந்து குழந்தைகளுக்கு அருளும் முறையை 1922இலேயே நியூபெரி பதக்கம் செவ்வனே நிறுவியிருந்ததை எண்ணினால், இதன் துணிச்சல் விளங்கும். வாக்குரிமை பெற்ற சிறார் முதல் ஆண்டில் மகுடம் சூட்டியது, பால் பன்யன் என்னும் மலையளவு மரவெட்டியின் கதைகளுக்கு.

பட்டியலில் இரண்டு நூல்களையேனும் படித்தோ, படிக்கக் கேட்டோ இருந்தால்தான் வாக்களிக்கலாம் என்பது விதி. இதை வளர்ந்தோரின் விருதுக் குழுக்களுக்கும் நீட்டித்தால் நடுவர் பஞ்சம் தலைதூக்கக்கூடும். நூல்கள் வெளிவந்து மூன்றாண்டு கழிந்தே போட்டிக்கு வருவதால், ஒன்றைச் சுடச்சுட ஐந்தாம் வகுப்பில் படித்து மகிழ்ந்த சிறுமி, வாக்கெடுப்பு வருவதற்குள் எட்டாம் வகுப்பேறி, அதாவது விருதின் தொடக்கப் பிரிவைக் கடந்து இடைநிலைப் பிரிவின் வயதை எட்டி, அந்த நூலை ஒருகாலத்தில் விரும்பியதையே மறுத்துவிடவும் இடமுண்டு.