வங்கக் கடல் இருக்க வாளிக் கடல்

பவளத் தொட்டிக்கு எந்த விளக்கு உகந்தது, அதில் நீலம் எவ்வளவு, வெள்ளை எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்குப் போடுவது, ராத்திரி எத்தனை மணிக்கு அணைப்பது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதுகிறேன். அதற்கு முன், போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த என் மனைவியின் சித்தப்பாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

அவர் வந்தபோது நான் பால்கனியில் உப்புக் கரைத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் வேறென்ன செய்வோம்? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, நீல டிரம்முக்குள் சின்ன மோட்டாரைப் போட்டுச் சுற்றவிட்டு, வெள்ளையாகக் கலங்கிய தண்ணீர் தெளியும்வரை காத்திருந்து, ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு மூடி, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்தேன். மேலே நீலம், கீழே வெள்ளை, நடுவில் கோடு. கோடு 35-இல் நிற்க வேண்டும். 33-இல் நின்றது.

"என்ன மாப்பிள்ளை, கிரகணமா?" என்றார்.

"உப்புப் பார்க்கறேன் மாமா."

"நாக்குல வெச்சுப் பார்த்தா போதாதா?"

பிறகு உப்பு வந்த வாளியைப் பார்த்தார். வாளி என்ன விலை என்று கேட்டார். இந்த இடத்தில் நீங்களெல்லாம் வீட்டில் என்ன சொல்வீர்களோ அதையே நானும் சொன்னேன்: பாதி விலை. பாதிக்கே அவருக்கு வியர்த்துவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"ஏன் மாப்பிள்ளை, கடல் இங்கேதானே இருக்கு? ரெண்டு வாளியைத் தூக்கிட்டுப் போய் மொண்டுட்டு வந்தா ஆச்சு. உப்பைப் போய் யாராவது காசு கொடுத்து வாங்குவாங்களா?"

சித்தப்பாவை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. கூரியர் கொண்டுவருகிற பையன் கேட்கிறான். பிளம்பர் கேட்கிறார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் கூட்டத்தில் எழுந்து நின்றே கேட்டார். திருவான்மியூரில் குடியிருக்கிறேன், ராத்திரி டிவியை அணைத்தால் அலைச் சத்தம் கேட்கும். அப்படிப்பட்டவன் எங்கோ ஒரு வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த உப்பை வாங்கிக் கரைத்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவன் கேட்காமல் என்ன செய்வான்? பதில் இருக்கிறது. சித்தப்பாவிடம் பதிலைச் சொல்ல ஆரம்பித்தேன். கால்வாசியில் காப்பி கேட்டுவிட்டார். மீதியை உங்களிடம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் இந்தக் கடல். அடையாறு முகத்துவாரம் எனக்கு வடக்கே கூப்பிடு தூரம். அதற்கு வடக்கே கூவம். இரண்டும் ஊரின் கழிவையெல்லாம் சுமந்துகொண்டுபோய் எந்தக் கடலில் விடுகின்றனவோ அந்தக் கடலில்தான் என்னை மொண்டுகொள்ளச் சொல்கிறார். எண்ணூரில் 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது ஜனங்கள் வாளியைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். மொண்டு வந்தது எண்ணெய்ச் சேறு. சரி, சுத்தமாகவே இருந்தாலும் உப்பு ஒரு நிலையில் நிற்காது. கங்கை, பிரம்மபுத்திரா, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் வங்காள விரிகுடாவில் வந்து கொட்டுவதால் மற்ற கடல்களைவிட இங்கே உப்புக் குறைவு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரையோரம் இன்னும் குறையும். என் தொட்டியில் இருப்பவர்களுக்கு 35 என்றால் 35. ஒரு புள்ளி இறங்கினாலும் வாயை மூடிக்கொண்டு, சம்பந்தி வீட்டார் கோபித்துக்கொள்வதுபோல் சுருங்கிக்கொள்வார்கள்.

இரண்டாவது விஷயம்தான் எனக்கே வயிற்றெரிச்சல். என் வீட்டுக் குழாயில் வருகிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நெம்மேலியிலிருந்து. மாமல்லபுரம் போகிற வழியில் 2013-இல் திறந்த ஆலை; நாளைக்கு 10 கோடி லிட்டர். போதாதென்று 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று. அங்கே என்ன செய்கிறார்கள்? வங்கக் கடலை உறிஞ்சி, பெரும் அழுத்தத்தில் சவ்வு வழியாகத் தள்ளி, உப்பைப் பிரித்து, பிரித்த உப்பைக் கடலுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, உப்பில்லாத தண்ணீரைக் குழாய்வழி எனக்கு அனுப்புகிறார்கள். இங்கே நான் என்ன செய்கிறேன்? அந்தத் தண்ணீரை நம்பாமல் என் ஆர்.ஓ.வில் இன்னொரு சவ்வு வழியாகத் தள்ளுகிறேன். ஒரு லிட்டர் நல்லது கிடைக்க மூன்று லிட்டர் கழிவாகப் போகிறது. கிடைத்த ஒரு லிட்டரையும் பிசின் குழாயில் விட்டு, மீட்டர் பூஜ்யம் காட்டுகிறவரை வடித்து, அதில் லிட்டருக்கு 35 கிராம் என்று உப்பைக் கொட்டுகிறேன். அரசாங்கம் கோடிகளைச் செலவழித்து எடுத்த உப்பை நான் ஆயிரங்களைச் செலவழித்துத் திரும்பப் போடுகிறேன். இவ்வளவுக்கும் பிறகு டிரம்மில் இருப்பது என்ன? கடல் தண்ணீர்.

இதோடு முடிந்ததா? தண்ணீர் மாற்றும்போது பழையது குளியலறைச் சாக்கடையில் போகிறது. அது எங்கெங்கோ சுற்றி ஒருநாள் கடலில் கலக்கும். கலந்தால் நெம்மேலி மறுபடி உறிஞ்சும். நான் வாங்கிப் போட்ட வெளிநாட்டு உப்பையும் சேர்த்துப் பிரித்து எனக்குத் தண்ணீர் அனுப்புவார்கள். தண்ணீர் வரி ரசீதும் தனியாக வரும்.

ராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் உப்பு எடுத்தார். நம் கடலில் விளைகிற உப்புக்கு வெள்ளைக்காரனுக்கு எதற்கு வரி என்று கேட்டுச் சிறைக்குப் போனார். அதே தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு நான் சுங்கவரி கட்டி அயல்நாட்டு உப்பை இறக்குமதி செய்கிறேன். அந்தப் பெரியவர் இதைப் பார்த்திருந்தால் நடந்தே திரும்பியிருப்பார்.

தூத்துக்குடி உப்பைப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். கேட்கிறவர்களிடம் சொல்வதற்காகச் சொல்லிவைக்கிறேன். கடல் தண்ணீரில் கரைந்திருப்பதில் 85 விழுக்காடுதான் நம் சமையல் உப்பு. மிச்சம் மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம், சல்ஃபேட் என்று ஒரு கூட்டம். உப்பளத்தில் தண்ணீரை வற்றவிடும்போது கால்சிய உப்புகள் முதலிலேயே படிந்துவிடும். அப்புறம் சாப்பாட்டு உப்பு. மெக்னீசியமெல்லாம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு நின்றுவிடும். அதாவது பவளத்துக்கு எது வேண்டுமோ அதையெல்லாம் விலக்கிவிட்டு, எனக்கு ரத்த அழுத்தம் ஏற்றுவது எதுவோ அதை மட்டும் மூட்டை கட்டுகிறோம். விலக்கியதை வேறு யாரோ மறுபடி சேர்த்து, பிளாஸ்டிக் வாளியில் அடைத்து, வாளியின்மேல் ஒரு நீல மீனின் படத்தை ஒட்டி நமக்கே விற்கிறார்கள்.

இந்தச் செயற்கைக் கடலை ஆரம்பித்துவைத்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. 1850-களில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன், பிலிப் ஹென்றி காஸ் போன்றவர்கள் வீட்டில் கடலுயிர்களை வளர்த்துப் பார்த்தார்கள். காஸ் 1854-இல் 'தி அக்வேரியம்' என்று புத்தகமே போட்டார். லண்டனுக்குக் கடல் தூரம். ஆகவே உப்புகளை நிறுத்துப் போட்டுக் கலக்கினார்கள், நியாயம். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் என்ன செய்தார்? பக்கத்தில் கடல் இருந்தது. போய்த் தண்ணீரும் உயிருள்ள கல்லும் கொண்டுவந்து தொட்டியில் போட்டு, காற்றுக் குமிழியை மட்டும் விட்டு, பவளம் வளர்த்து, 1961-இல் அதைப் பத்திரிகையில் எழுதியும் காட்டினார். அதுவும் நியாயம். சென்னைக்காரன் கதைதான் கேவலம். 1909-லேயே மெரினாவில் மீன் காட்சிசாலை வைத்த ஊர் இது. நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்துகொண்டு லண்டன்காரனைப்போல் கடல் காய்ச்சுகிறேன். ஊர் இப்படி ஆனதற்கு நான் காரணமில்லை. வாளி விலைக்கு மட்டும் நான் பொறுப்பு.

விளக்கு. நீல விளக்கு என்றதும் ஞாபகம் வருகிறது, மின்சாரம். கத்திரி வெயிலில் தொட்டித் தண்ணீரை 26 டிகிரியில் வைக்கச் சில்லர் ஓடுகிறது. 30-ஐத் தாண்டிச் சில நாள் நின்றால் பவளம் தன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசியை விரட்டிவிட்டு வெளுத்துப்போகும். 2016-இல் மன்னார் வளைகுடாவிலேயே அப்படி வெளுத்தது. சில்லர் தண்ணீரிலிருந்து எடுத்த சூட்டை ஹாலில் விடுகிறது. ஹாலில் உள்ள சூட்டை ஏசி எடுத்துப் பக்கத்து வீட்டு ஜன்னல் பக்கம் விடுகிறது. பக்கத்து வீட்டார் ஏசி போடுகிறார்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் முதலில் ஓடுவது தொட்டி மோட்டார். இரண்டாவதாக மாமியார் ஃபேன். இந்த வரிசை எங்கள் வீட்டில் எப்படித் தெரியவந்தது, அன்று ராத்திரி என்ன நடந்தது என்பதெல்லாம் இங்கே வேண்டாம்.

ஆவியாகிற தண்ணீர் வேறு. தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. ஆகவே தினமும் நல்ல தண்ணீர் ஊற்றி ஈடுகட்ட வேண்டும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, தெருவே குடத்தோடு லாரிக்கு நின்றது. நானும் நின்றேன். முன்னால் நின்ற அம்மாள், "வீட்டுல எத்தனை பேர் தம்பி?" என்று கேட்டார். மீனைச் சேர்த்துச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததில் என் முறை போயே போய்விட்டது.

சித்தப்பா கிளம்பும்போது இன்னொரு யோசனை சொன்னார். "ராமேஸ்வரத்துல நமக்கு ஆள் இருக்கு மாப்பிள்ளை. சொல்லிவிட்டா கல்லோட பவளமே கொண்டாந்து தருவான்." இதைக் கேட்டுத்தான் எனக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டு வந்தது. பாறை கட்டுகிற கடினப் பவளம் அத்தனையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. புலி இருக்கிற அதே அட்டவணை. கடல் குதிரையும் கடல் அட்டையும் அங்கேதான். சட்டத்தின் கண்ணில் ஹாலில் புலியைக் கட்டிவைப்பதும் தொட்டியில் அந்தக் கல்லை வைப்பதும் ஒன்றுதான். சட்டம் கிடக்கட்டும்; மன்னார் வளைகுடாவில் பவளத்தைப் பாளம் பாளமாக வெட்டிச் சுண்ணாம்புக் காளவாய்க்கு அனுப்பியதன் பலன் என்ன? இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு கடலுக்குள் போய்விட்டன. இதைச் சொன்னால், "ஒரு கல்லுதானே மாப்பிள்ளை" என்கிறார். அந்தக் காலத்தில் வெட்டினவனும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

என் தொட்டியில் இருப்பது பட்டன் பாலிப்பும் காளான் பவளமும்தான். பாறைகூட மனிதன் செய்தது. இரண்டு க்ளவுன் மீன். அவையும் பண்ணையில் பிறந்தவை, கடலையே பார்த்ததில்லை. அவற்றுள் பெரியது பெண், சின்னது ஆண். பெரியது கண்ணை மூடினால் சின்னது பெண்ணாக மாறிப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். வீட்டில் அதிகாரம் யாரிடம் என்பதில் எந்தக் காலத்திலும் குழப்பமில்லாத குடும்பம். வருகிற குழந்தைகள் எல்லாம் "நீமோ!" என்று கத்தி விரலால் கண்ணாடியைத் தட்டும். பெற்றவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பார்கள்.

என் சர்க்கரை அளவை டாக்டர் கேட்டால் பையைத் துழாவுகிறேன். கால்சியம் 420, மெக்னீசியம் 1,300, காரத்தன்மை 8 என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நீங்களும் சொல்வீர்கள். இதை ஒரு வியாதி என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் ஒரு கோரிக்கை உண்டு. கரையில் நின்று ஒரு குடம் மொண்டால் அதில் இரண்டு அங்குல மீன் ஒன்று உயிரோடு இருக்கிற அளவுக்கு இந்தக் கடலை யாராவது விட்டுவைத்திருந்தால், நான் ஏன் வாளி வாங்கப்போகிறேன்? கேள்வியை என்னிடம் கேட்காமல் அடையாற்றில் குழாய் விட்டிருப்பவர்களிடம் போய்க் கேளுங்கள்.

விளக்கைப் பற்றி எழுத இடமில்லை. புதிதாக வாளி வாங்கியவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன்: எடுத்த கையோடு மூடியை இறுக்கி மூடிவையுங்கள். இந்த ஊர்க் காற்று ஈரத்தில் இரண்டே வாரத்தில் உப்பு கல்லாகிவிடும். அப்புறம் உடைக்கச் சுத்தியல் வேண்டும்.