தங்கம் ஏறினால் அவள் சிரிப்பாள்

எங்கள் வீட்டில் இரண்டு நிதியமைச்சர்கள். தங்கம் விலை ஏறினால் ஒருவருக்குக் கொண்டாட்டம், இன்னொருவருக்குத் துக்கம். துக்கப்படுகிறவன் நான். காஞ்சிபுரம் ஓரிக்கையில் பட்டுத்தறி போட்டிருப்பவன் வேறு என்ன செய்வான்? பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, அதற்குத் தங்க முலாம் பூசினால் அதுதான் ஜரிகை. வெள்ளி ஏறினாலும் அடி, தங்கம் ஏறினாலும் அடி. ஜரிகைக்கு எங்கள் ஊர்க் கணக்கு மார்க். ஒரு மார்க் 242 கிராம். 2025இல் வெள்ளி ஓடிய ஓட்டத்தில், மார்க் விலையைக் கேட்டுவிட்டு வந்த நாளெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொண்டாடுகிறவள் என் மனைவி. அவளுடைய நகைகள் வருஷத்தில் பாதி நாள் அடகுக் கடையிலோ வங்கியிலோதான் குடியிருக்கும். பவுன் ஏறினால் அதே வளையலை மாற்றி வைத்து மேல்பணம் வாங்கலாம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று டிவியில் சொன்னபோது, தார் சுற்றிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்தாள்.

"என்னங்க, இருந்த இடத்துலயே நான் சம்பாதிச்சுட்டேன் பாருங்க."

"சம்பாதிச்சது சேட்டு பெட்டியில இல்ல இருக்கு?"

"இருக்கட்டும். நீங்க நெய்த புடவையும்தான் வீட்டுலயா இருக்கு? அடுத்தவங்க வீட்டு பீரோவுலதானே இருக்கு?"

இதற்குப் பதில் பொருளாதார நூல்களில் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க வருகிறவர்கள் அநேகமாக நகைக்கடைக்குப் போய்விட்டுத்தான் வருவார்கள். பெண்ணுக்கு இத்தனை பவுன் என்று பேசியதை மாற்ற முடியாது. விலை ஏறினால் வெட்டு விழும் இடம் புடவைதான். ஜரிகை ஏறியதால் புடவை விலை கூடியிருக்கும். தங்கம் ஏறியதால் வாங்க வந்தவர் கையில் காசு குறைந்திருக்கும். இரண்டும் கடை வாசலில் சந்திக்கும்போது, எனக்கு அடுத்த பாவு கொடுக்க முதலாளி "கொஞ்சம் பொறுங்க" என்பார். பொறுப்பதற்குப் பணம் வேண்டும். பணத்துக்கு வளையல் போகும். வளையலுக்கு நல்ல விலை கிடைக்கும், தங்கம்தான் ஏறியிருக்கிறதே! இந்தச் சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யாராக இருந்தாலும் அவருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது.

அவளிடம் நகையைக் கேட்கும்போதெல்லாம் நான் 1991ஐத் துணைக்கு அழைப்பேன். அந்த வருஷம் இந்தியாவிடம் சில வார இறக்குமதிக்குத்தான் அந்நியச் செலாவணி மிச்சம் இருந்தது. சந்திரசேகர் அரசு, அரசிடம் இருந்த 20 டன் தங்கத்தை முதலில் வெளிநாட்டுக்கு அனுப்பியது. பிறகு ஜூலையில், ஆட்சி மாறிய சூட்டோடு, ரிசர்வ் வங்கி 47 டன்னை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்து நாற்பது கோடி டாலர் சொச்சம் வாங்கியது. தங்கம் ஏற்றிப்போன வேன் ஒன்று விமான நிலையம் போகும் வழியில் நின்றுவிட்டதாகச் சொல்வார்கள். செவிலிமேட்டுப் பக்கம் என் டிவிஎஸ் 50 நிற்கும்போதெல்லாம், மடியில் முடிந்திருக்கும் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, ரிசர்வ் வங்கிக்கே இந்தக் கதி என்று ஆறுதல் கொள்வேன்.

"நாடே வச்சுதும்மா" என்பேன்.

"நாடு அப்பவே கடனை அடைச்சிடுச்சு. நீங்க?" என்பாள்.

அவள் சொல்வதும் உண்மை. கடன் சீக்கிரமே அடைந்தது. தங்கம் மட்டும் பத்திரமாக அங்கேயே இருந்தது. 2023-24 நிதியாண்டில் சுமார் 100 டன்னை ரிசர்வ் வங்கி லண்டனிலிருந்து ஊருக்குக் கொண்டுவந்த செய்தியைப் படித்துக் காட்டினேன். "லண்டன்ல இருந்தே வருது, பெரிய காஞ்சிபுரம் சேட்டுகிட்டருந்து வரமாட்டேங்குது" என்றாள். அன்றிலிருந்து செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பதில்லை.

அவளுடைய நிதியமைச்சகத்திலும் ரகசிய இலாகா ஒன்று உண்டு. 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்குப் பிரதமர் 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்ததும், நான் தறிக் கூலி என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். துவரம்பருப்பு டப்பா, சாமி படத்துக்குப் பின்புறம், கல்யாணப் புடவை மடிப்பு என்று இடம் இடமாகச் சிறுவாடு வெளியே வந்தது. நாட்டில் கறுப்புப் பணம் அகப்பட்டதோ இல்லையோ, எங்கள் வீட்டில் அகப்பட்டது. செல்லாத நோட்டில் 99.3 சதவீதம் வங்கிக்குத் திரும்பிவிட்டது என்று 2018இல் ரிசர்வ் வங்கி சொன்னது. மிச்சம் 0.7 சதவீதம் எந்த டப்பாவில் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்கும் தைரியம் இல்லை.

கொரோனா வந்த 2020ஐப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்றார்கள். மண்டபம் நிறைய ஆட்கள் பார்க்காத பட்டுப் புடவைக்கு யார் ஆர்டர் கொடுப்பார்கள்? அந்த வருஷம் தறி மேடையில் பூனைதான் உட்கார்ந்திருந்தது.

எங்கள் நகைக் கதையின் உச்சம் 2025 ஏப்ரலில் வந்தது. நகைக்கடனுக்கு ரிசர்வ் வங்கி வெளியிட்ட வரைவு விதிகளில், நகை உங்களுடையதுதான் என்பதற்கு ரசீது, இல்லாவிட்டால் உறுதிமொழி என்று ஒரு சங்கதி இருந்தது. தமிழ்நாடே கொதித்தது. எங்கள் வீட்டில் இன்னும் அதிகம்.

"எங்க ஆயா கழுத்துல கிடந்த காசுமாலைக்கு ரசீதா? அவங்க போட்டிருந்ததை ஊரே பார்த்திருக்கு. மேலேருந்து அவங்களைக் கூட்டிட்டு வரட்டுமா?"

என் கவலை வேறு. வங்கிக் கவுன்டரில் ஒருவர் என் முகத்தைப் பார்த்து, "இந்த நகை உங்களுதா?" என்று கேட்டால், இத்தனை வருஷமாக அதை எடுத்துக்கொண்டு போகிற நான் என்ன சொல்வேன்? நல்லவேளை, ஜூனில் வந்த இறுதி விதிகள் சற்று இளகின. இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்றும் ஆனது. முன்பு 75 தான். செய்தி கேட்டு அவள் மறுபடி சிரித்தாள்.

ஊரை விட்டே போய்விடலாம் என்று தோன்றும்போது எங்கள் ஓரிக்கைக் கதை நினைவுக்கு வரும். திருமழிசை ஆழ்வாரும் அவர் சீடர் கணிகண்ணனும் பல்லவ மன்னனோடு கோபித்துக்கொண்டு காஞ்சியை விட்டுக் கிளம்பியபோது, பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் வந்து, ஓரிக்கையில் ஒரு ராத்திரி தங்கினார் என்பது புராணம். மூவரும் வெளியேறியதும் காஞ்சி இருண்டு போனதாம். மன்னன் ஓடிவந்து கெஞ்சி அழைத்துப் போனான். "பெருமாளுக்கே இங்க ஒரு ராத்திரிக்கு மேல கட்டுப்படியாகல" என்பது என் மனைவியின் வியாக்கியானம். நாங்கள் பாயைச் சுருட்டினால் அழைக்க யாரும் வரமாட்டார்கள் என்பதால் இங்கேயே இருக்கிறோம்.

தை மாதத்தில் கல்யாணம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முதலில் புடவை எடுங்கள், அப்புறம் நகைக்கடைக்குப் போங்கள். கைத்தறிதானா என்று கேட்டு வாங்குங்கள். நகை குறைந்து சம்பந்தி வீட்டில் பேச்சு வந்தால், பவுன் விலையைச் சொல்லுங்கள். யாரும் நம்பாமல் இருக்கமாட்டார்கள்.